சபையில் சாந்தமானவர், வீட்டில் கை ஓங்குகிறவர்: ஒரு மூப்பரின் கடிதத்துக்குப் பதில்

கடலூர் முதுநகர்ப் பக்கத்திலிருந்து 44 வயதுச் சகோதரர் ஒருவர் எழுதியிருக்கிறார். சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. இவர் சபை மூப்பர், பாடகர் குழுவிலும் இருக்கிறார். கமிட்டிக் கூட்டத்தில் எவர் எகிறினாலும் குரல் உயர்த்தாத மனிதர் என்று பெயர் எடுத்தவர்.

வீட்டில் நிலைமை வேறு. சாப்பாட்டுத் தட்டு பறக்கிறது, கதவு அறைபடுகிறது, மாதத்துக்கு இரண்டு மூன்று முறை தெருவுக்கே கேட்கும்படி சத்தம். போன மாதம் நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில், கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்த மகன் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். போனைத் தரையில் அடித்து உடைத்துவிட்டு, பெல்ட்டால் முதுகில் நாலைந்து அடி. தடுக்க வந்த மனைவியைத் தள்ளியதில் அவர் முழங்கை சுவரில் இடித்து வீங்கிவிட்டது. அன்றிலிருந்து அப்பா வெளியே போன பிறகுதான் மகன் சாப்பிட வருகிறான். "அப்பா பாடுற சர்ச்சுக்கு நான் வரமாட்டேன்" என்று சண்டே கிளாஸையும் நிறுத்திவிட்டான். "இன்னொரு தடவை நடந்தா பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்கிறார் மனைவி.

மூன்று நாள் உபவாசம் இருந்தாராம். ஒரு ஜெப வீட்டில் "கோப ஆவி" என்று சொல்லி எண்ணெய் பூசி ஜெபித்தார்களாம். பத்து நாள் அமைதி, பிறகு பழையபடி. அவர் கேட்பவை: கோபமே பாவமா? என் விசுவாசம் போதவில்லையா? டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவா? மனைவி வசனத்தின்படி மன்னிக்க வேண்டாமா? மகனை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

அன்புள்ள சகோதரருக்கு,

மனைவியின் முழங்கையை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானோர் அந்த வரியை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். ஆனால் நீங்கள் அதை "சின்னத் தள்ளுமுள்ளு" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். தள்ளுமுள்ளு என்றால் இரண்டு பேரும் தள்ளவேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர்தான் தள்ளினார், ஒருவருக்குத்தான் அடிபட்டது. அதற்கு அடி என்றே பெயர் வைத்துக்கொண்டு மேலே பேசுவோம். பெயரை மாற்றி வைத்தால் மருந்தும் மாறிவிடும்.

கடிதம் முழுக்க ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது: "கட்டுப்படுத்த முடியவில்லை." இதை நான் ஏற்கமாட்டேன். கமிட்டிக் கூட்டத்தில் கணக்கு கேட்டு உங்களை அவமானப்படுத்தியவரிடம் நீங்கள் "ஜெபித்து முடிவெடுப்போம், அண்ணே" என்றுதான் சொன்னீர்கள். ஷிப்ட் இன்ஜினியர் எல்லார் முன்னாலும் திட்டியபோது வாய் திறக்கவில்லை. அதே உடம்பு, அதே நரம்பு, அதே சூடு. அடக்கும் திறமை உங்களிடம் இருக்கிறது, தினமும் பயன்படுத்துகிறீர்கள். வீட்டு வாசற்படி தாண்டியதும் அது தேவையில்லை என்று உள்ளுக்குள் ஒரு அனுமதி கொடுத்துவைத்திருக்கிறீர்கள். மனைவியும் பிள்ளைகளும் திருப்பி அடிக்கமாட்டார்கள், வேலையை விட்டு எடுக்கமாட்டார்கள், சபையில் சொல்லமாட்டார்கள். இந்த அனுமதியை ரத்து செய்வதுதான் உங்கள் வேலை. கேட்கக் கடினமாக இருக்கும். ஆனாலும் இதுதான் நல்ல செய்தி, ஏனென்றால் இல்லாத ஒன்றை நீங்கள் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை.

ஆவி என்று சொன்னார்களே, அதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெபம் வேண்டாம் என்று எந்த விசுவாசிக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் கலாத்தியர் 5:20-இல் பவுல் "கோபங்கள், சண்டைகள்" இரண்டையும் மாம்சத்தின் கிரியைகள் பட்டியலில் வைக்கிறார். கிரியை என்றால் செயல், செயலுக்குச் செய்கிறவர் ஒருவர் உண்டு. ஆவியின்மேல் போட்டுவிட்டால் பெல்ட்டைக் கழற்றிய கை யாருடையது என்ற கேள்வி மறைந்துபோகும். பத்து நாளில் பழையபடி ஆனது உங்கள் விசுவாசம் போதாததால் அல்ல. உபவாசத்துக்குப் பிறகு வீட்டில் எந்த ஒரு பழக்கமும் மாறவில்லை. அதே தூக்கமின்மை, அதே காலை, அதே மதிப்பெண் பேச்சு. அதே முடிவு வந்தது.

நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வசனங்கள்

கோபம் வருவது பாவமா என்று கேட்டீர்கள். இல்லை. ஓய்வுநாளில் சூம்பின கையுடையவனைக் குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாமென்று காத்திருந்தவர்களை இயேசு கோபத்துடன் பார்த்தார் என்று மாற்கு 3:5 சொல்கிறது. அவர்கள் இருதயக் கடினத்துக்காக விசனப்பட்டார் என்றும் அதே வசனம் சொல்கிறது. அதே வேளையில் தம்மை வைதபோது அவர் பதில் வையவில்லை (1 பேதுரு 2:23). அவருடைய கோபம் பலவீனனுக்காக எழுந்தது. நம் கோபம் பெரும்பாலும் பலவீனன்மேல் இறங்குகிறது. உங்கள் கோபத்தைச் சோதிக்க இந்த ஒரு வித்தியாசம் போதும்.

இயேசு ஆலயத்தில் சவுக்கு எடுத்தாரே (யோவான் 2:15) என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்கு 11:11-ஐத் திரும்ப வாசியுங்கள். ஆலயத்துக்குள் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார், சாயங்காலமானதால் பெத்தானியாவுக்குப் போய்விட்டார். காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தது மறுநாள். கண்ணில் பட்டதற்கும் கை நீண்டதற்கும் நடுவில் ஒரு இரவு இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு நிமிடம்கூட இல்லை.

அடுத்தது எபேசியர் 4:26: "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." இந்த வசனத்தை வைத்து மனைவியை ராத்திரி ஒரு மணிவரை தூங்கவிடாமல், "இப்பவே பேசித் தீர்க்கணும், படுக்கப் போகக்கூடாது" என்று உட்காரவைக்கிறீர்கள். இது பெரிய தவறு, பல கிறிஸ்தவ வீடுகளில் நடக்கிற தவறு. அந்த வசனம் "உங்கள் எரிச்சல்" என்று கோபப்பட்டவரிடம் பேசுகிறது. அது தணியவேண்டும் என்கிறது, எதிராளியை ஒப்புக்கொள்ள வைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. பவுல் எடுத்தாளும் சங்கீதம் 4:4-இல் மீதி வரி இப்படிப் போகிறது: "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்." பேச்சு படுக்கையில், இருதயத்தோடு. இரவு ஒன்பதுக்கு மேல் தகராறான விஷயம் எதுவும் வீட்டில் பேசுவதில்லை என்று இன்றைக்கே முடிவெடுங்கள். "நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லி நிறுத்துங்கள், சொன்ன நேரத்தில் பேசுங்கள். நேரம் சொல்லாமல் ஒத்திப்போட்டால் அது மௌன தண்டனையாகிவிடும்.

அடுத்தது "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற நீதிமொழிகள் 13:24. அங்கே பிரம்பு என்று வரும் எபிரேயச் சொல்தான் சங்கீதம் 23:4-இல் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்கிற கோலுக்கும். மேய்ப்பன் கையிலிருக்கிற கோல் அது. அந்தக் கோலை ஆடு தேறுதல் என்று நினைக்கிறது. உங்கள் பெல்ட் சத்தம் கேட்டால் உங்கள் மகள் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதிய ஏற்பாட்டில் தகப்பன்மாருக்கு நேரடியாக எழுதப்பட்ட ஒரு கட்டளை இரண்டு முறை வருகிறது: பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள். கொலோசெயர் 3:21 காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது: "திடனற்றுப்போகாதபடி."

வெள்ளம் எங்கே திறக்கப்படுகிறது

"திடீர்னு வந்துடுது" என்கிறீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் நம் ஊருக்குத் திடீரென்றுதான் வந்தது போலிருந்தது. ஆனால் சாத்தனூர் அணையில் பல மணி நேரத்துக்கு முன்பே தண்ணீர் திறந்தாகிவிட்டது. கோபமும் அப்படியே. பல்லைக் கடிப்பது, காது சூடாவது, நெஞ்சு படபடப்பது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, இவையெல்லாம் மேல்மடையில் திறந்த தண்ணீர். தம்பியைக் கொன்ற காயீன் கை ஓங்கும் முன்பே தேவன் அவனிடம், "உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" என்று கேட்டார். முகத்தில் தெரிகிற கட்டம் அது. வேலை செய்யவேண்டிய இடமும் அதுதான்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம், எரிச்சல் வந்த ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: நாளும் மணியும், என்ன நடந்தது, அப்போது மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டேன், உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, 0 முதல் 10 வரை எவ்வளவு. கடைசியாகத் தூங்கியது எத்தனை மணி நேரம், சாப்பிட்டது எப்போது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பலர் கோட்டைவிடுவது இரண்டாவது விஷயத்தில். "அவன் திமிராக உட்கார்ந்திருந்தான்" என்று எழுதக்கூடாது. "சோபாவில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான், கூப்பிட்டபோது நிமிரவில்லை" என்று கேமரா பார்த்ததை மட்டும் எழுதவேண்டும். திமிர் என்பது மூன்றாவது விஷயம், நீங்கள் உள்ளே சொல்லிக்கொண்டது. இரண்டையும் பிரித்து எழுதத் தொடங்கினாலே பாதி சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் அது ஓரிடத்தில் எட்டிப்பார்க்கிறது: "நான் டிப்ளமோவோடு நின்றேன், இவனும் அப்படி ஆகிவிடுவானோ." அது பயம். கோபமாக வெளியே வருவதில் பெரும்பகுதி உள்ளே பயமாகவோ அவமானமாகவோ இருந்ததுதான்.

நாலாம் எண்ணில் எழுந்திருப்பது

ஏழு, எட்டு என்ற அளவுக்கு ஏறியபிறகு புத்திமதி, வசனம் எதுவும் ஏறாது. நான்கில் எழுந்துவிடவேண்டும். இதை முன்கூட்டியே, எல்லாரும் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், வீட்டாரோடு பேசி ஒப்பந்தமாக வையுங்கள்.

ஒரே ஒரு வாக்கியம்: "எனக்குச் சூடேறுது, அரை மணி நேரத்துல வரேன்." அதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது. "உன்னாலதான் போறேன்" என்பது கடைசி அடியைக் கொடுத்துவிட்டுப் போவது. கதவை மெதுவாகச் சாத்துங்கள். பைக் சாவியை எடுக்காதீர்கள், அந்த நிலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து. மாடிக்குப் போகலாம், தெருமுனைவரை நடக்கலாம். உடம்பில் ஏறிய வேகம் இறங்கக் குறைந்தது 20 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து "இப்ப பேசலாம்" என்கிறவர்கள் முதலில் விட்டதைவிட மோசமாகத் தொடங்குவார்கள். நடக்கும்போது சண்டையை மனதுக்குள் மறுபடி ஓட்டக்கூடாது. அவள் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன் என்று ஒத்திகை பார்த்தால் 20 நிமிடமும் வீண்.

அதற்குப் பதில் மூச்சு. நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருக்கவேண்டும், அதுதான் படபடப்பைக் குறைக்கும். பலமாக வேகவேகமாக இழுத்தால் தலைசுற்றும். இழுக்கும்போது "கர்த்தாவே", விடும்போது "என் வாய்க்குக் காவல்வையும்" (சங்கீதம் 141:3). ஐந்து நிமிடம். கோபமில்லாத நாளிலும் காலை ஜெபத்தோடு தினம் ஒருமுறை இதைப் பழகுங்கள், இல்லாவிட்டால் வேண்டிய நேரத்தில் வராது. தலையணையைக் குத்துவது, மாடியில் போய்க் கத்துவது, இவை "வெளியேற்றும்" என்று சொல்வார்கள். அப்படியல்ல, அவை உடம்புக்கு அடிப்பதையே பழக்கிக்கொடுக்கின்றன.

சொன்ன அரை மணியில் திரும்பி வாருங்கள். பேசும் நிலை இல்லையென்றால் வந்து அதைச் சொல்லி, வேறு நேரம் குறியுங்கள். மனைவிக்கும் இதே உரிமை உண்டு: அவர் எழுந்து போனால் பின்னாலேயே போய் வழியை மறிக்கக் கூடாது.

தூக்கமும் டாக்டரும்

உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று சம்பவங்களும் நைட் ஷிப்ட் முடிந்த காலையில் நடந்தவை. அதை நீங்கள் கவனிக்கவில்லை. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). அதற்குப் பிறகுதான் பேச்சு. நைட் ஷிப்ட் முடிந்து வரும் நாளில் குளித்து, ஏதாவது சாப்பிட்டு, அறையை இருட்டாக்கி ஆறு ஏழு மணி நேரம் தூங்கி எழும்வரை மதிப்பெண், பணம், போன் மூன்றைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்டில் ஏழெட்டு டீ என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குமேல் டீ வேண்டாம், காலைத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. லூக்காவே வைத்தியர். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் எரிச்சலும் படபடப்பும் வரும். பலமாகக் குறட்டை விட்டு, எழுந்த பிறகும் களைப்பாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக அல்லாமல் சிடுசிடுப்பாக வருவதும் உண்டு, அதற்குச் சிகிச்சை உண்டு. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம். ஊரில் தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தால் பாண்டி பஸ் ஏறுங்கள், கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் நீங்கள் தனியாகப் போங்கள். மனைவி உங்களைக் கண்டு பயந்திருக்கும்போது இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனை செய்தால் அவர் உண்மை பேசமுடியாது, பேசினால் வீட்டுக்கு வந்து விலை கொடுக்கவேண்டியிருக்கும்.

மன்னிப்பும் மனைவியின் உரிமையும்

"ஏழெழுபதுதரம்" மன்னிக்கச் சொல்வது மத்தேயு 18-இல் இருக்கிறது. அதே அதிகாரத்தை மேலிருந்து வாசியுங்கள். ஆறாம் வசனத்தில் சிறியருக்கு இடறல் உண்டாக்குகிறவனுக்குக் கழுத்தில் ஏந்திரக்கல். பதினைந்திலிருந்து பதினேழுவரை, குற்றம் செய்தவனிடம் தனியாகச் சொல், கேளாவிட்டால் ஒன்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. அதற்குப் பிறகுதான் மன்னிப்பின் கணக்கு வருகிறது. மன்னிப்பது உங்கள் மனைவி தேவனுக்கு முன்பாகச் செய்யவேண்டியது. அதை நீங்கள் வசூல் செய்யமுடியாது. மன்னித்த பிறகும் அவர் கொஞ்ச காலம் தாய்வீட்டில் இருக்கலாம். அப்படிப் போனால் போதகரை அனுப்பிக் கூட்டிவரச் சொல்லாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், அவருக்கும் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. வசை, மிரட்டல், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது எல்லாம் அதில் அடங்கும். அந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையும், மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணை பெறும் உரிமையும் அவருக்கு உண்டு. உதவிக்கு 181, பெண்களுக்கான உதவி எண். பிள்ளைகளுக்கு 1098, மகனே அழைக்கலாம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம், செய்தவர் பெற்றவராக இருந்தாலும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அவர்கள் உதவி கேட்டால் அதைத் துரோகம் என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

மூப்பர் பொறுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தீத்து 1:7 சபையை மேற்பார்க்கும் கண்காணிக்கு "முற்கோபமில்லாதவனும்", "அடியாதவனும்" என்று இரண்டையும் எழுதியிருக்கிறது. ஆறு மாதம் பொறுப்பிலிருந்து விலகியிருங்கள் என்பது என் யோசனை. போதகரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். ஜெபக் கூட்டத்தில் இதை ஜெபக் குறிப்பாக வாசிக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது உங்கள் மனைவியின் விஷயமும்கூட. வாய் காக்கத் தெரிந்த மூத்த சகோதரர் ஒருவர் வாரம் ஒருமுறை உங்களிடம் கேட்கட்டும்: கை நீண்டதா, பொருள் உடைந்ததா, நாலில் எழுந்தாயா? பதில் சரிதானா என்று அவர் உங்கள் மனைவியிடமும் கேட்க நீங்களே அனுமதி கொடுங்கள்.

மகனிடம் என்ன சொல்வது

செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "உன்ன பெல்ட்டால அடிச்சேன். உன் போனை உடைச்சேன். அம்மாவத் தள்ளினேன். மூணும் தப்பு. நீ என்ன மார்க் வாங்கியிருந்தாலும் தப்புதான்." "ஆனா நீயும்" என்று தொடங்கும் எதுவும் அதில் வரக்கூடாது. "அப்பாவ மன்னிச்சிடு" என்றும் கேட்காதீர்கள், 14 வயதுப் பையனால் இல்லை என்று சொல்லமுடியாது. இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: எழுந்து வெளியே போவது, டாக்டரைப் பார்ப்பது, பெல்ட்டை இனி எடுக்காதது. வரி வசூலித்த சகேயு வாயால் மனந்திரும்பியதோடு நிற்கவில்லை, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். உடைத்த போனுக்கு உங்கள் சம்பளத்திலிருந்து வேறொன்று வாங்கிக் கொடுங்கள். எத்தனை மணி வரை போன் என்பதை இன்னொரு நாள் மனைவியும் சேர்ந்து பேசி முடிவு செய்யலாம், அது வேறு பேச்சு. மகளிடமும் தனியாகப் பேசுங்கள். அடிபடாவிட்டாலும் அவள் எல்லாவற்றையும் பார்த்தவள்.

அவன் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம். விடுங்கள். சண்டே கிளாஸ் பேச்சை மூன்று நான்கு மாதம் எடுக்காதீர்கள். அவன் கேள்வி கர்த்தரைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது.

இந்த வாரம் உங்களுக்கு நைட் ஷிப்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சனிக்கிழமை காலையில் வந்ததும் பேசவேண்டாம். தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் அவனிடம் "பத்து நிமிஷம் பேசலாமா, இல்ல நாளைக்கா?" என்று கேளுங்கள். நாளைக்கு என்றால் நாளைக்கு.